பிபிசியின் ‘மிஸ் மார்ப்பிள்’ தொடர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிளுக்குத் துப்பறிவது தொழில் இல்லை. செயின்ட் மேரி மீட் என்ற கற்பனைக் கிராமத்தில் தனியாக வாழும், மணமாகாத மூதாட்டி அவர். தோட்டம், தேநீர், கம்பளிப் பின்னல், ஊர்வம்பு என்று பொழுது போகும். அந்த ஊர்வம்புதான் கடைசியில் கொலையாளியைக் காட்டிக்கொடுக்கும். அவருடைய கதைகளைப் பிபிசி எடுத்த தொடரைப் புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். யார் கொலையாளி என்பதை எந்தக் கதைக்கும் சொல்லவில்லை, பயமின்றிப் படிக்கலாம்.

மிஸ் மார்ப்பிளாகப் பல பேர் நடித்திருக்கிறார்களே, நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்?

ஜோன் ஹிக்ஸன் நடித்ததை. 1984 டிசம்பர் 26 அன்று ‘தி பாடி இன் தி லைப்ரரி’யின் முதல் பாகம் ஒளிபரப்பானது. 1992 டிசம்பர் 27 அன்று ‘தி மிரர் கிராக்ட் ஃப்ரம் சைட் டு சைட்’ கதையோடு தொடர் முடிந்தது. கிறிஸ்டி எழுதிய மார்ப்பிள் நாவல்கள் 12. பன்னிரண்டையும் ஒரே நடிகையை வைத்து எடுத்து முடித்துவிட்டார்கள். அவற்றில் மூன்று கதைகள் கிறிஸ்துமஸ் நாளன்றே ஒளிபரப்பாயின. பண்டிகைச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் குடும்பத்தோடு உட்கார்ந்து கொலைக்கதை பார்ப்பதில் பிரிட்டிஷாருக்கு எந்த உறுத்தலும் இருப்பதாகத் தெரியவில்லை.

எந்தக் கதையிலிருந்து தொடங்கலாம்? வரிசையாகத்தான் பார்க்க வேண்டுமா?

வேண்டியதில்லை. தொடரே நாவல்களின் வரிசையில் எடுக்கப்படவில்லை. முதல் மார்ப்பிள் நாவலான ‘தி மர்டர் அட் தி விகாரேஜ்’ 1930இல் வந்தது. தொடரில் அது ஐந்தாவதாகத்தான் வருகிறது. கதைகள் எல்லாவற்றையும் ஏறத்தாழ 1950களின் இங்கிலாந்தில் நிறுத்தி வைத்திருப்பதால் முன்னே பின்னே பார்த்தாலும் குழப்பம் வராது.

என்னைக் கேட்டால் ‘எ மர்டர் இஸ் அனௌன்ஸ்ட்’ முதலில். தொடரின் சிறந்த கதை அதுதான் என்பது என் கட்சி. அடுத்து ‘ஸ்லீப்பிங் மர்டர்’. நியூசிலாந்திலிருந்து வந்த இளம்பெண் இங்கிலாந்தில் ஒரு வீட்டை வாங்குகிறாள். இதற்கு முன் அந்த வீட்டைப் பார்த்ததே இல்லை என்றுதான் நம்புகிறாள். ஒரு அறையின் சுவருக்கு இன்ன பூப்போட்ட காகிதம் ஒட்டினால் நன்றாக இருக்கும் என்று மனதில் நினைக்கிறாள். பிறகு அதே அறையில் நெடுநாளாகத் திறக்காமல் கிடந்த அலமாரியைத் திறக்கிறார்கள். உள்சுவரில் அவள் நினைத்த அதே பூக்கள், பழைய காகிதத்தில். ரத்தமும் இல்லை, அலறலும் இல்லை. ஆனால் அந்தக் காட்சிக்குப் பிறகு இருட்டில் தனியாக மாடி ஏற யோசிப்பீர்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் வரிசையைக் கவனியுங்கள். ‘எ கரீபியன் மிஸ்டரி’யில் வரும் ராஃபியல் என்ற கோடீஸ்வரர் இறந்தபின் விட்டுச்செல்லும் வேண்டுகோளில்தான் ‘நெமிசிஸ்’ தொடங்குகிறது. பிபிசியோ ‘நெமிசிஸ்’ கதையை 1987இலும் கரீபியன் கதையை 1989இலும் ஒளிபரப்பியது. ராஃபியலாக நடித்தவர்களும் வேறு வேறு ஆட்கள். நீங்கள் கரீபியன் கதையை முதலில் பார்த்துவிடுங்கள்.

‘தி மிரர் கிராக்ட்’ கடைசியில் இருக்கட்டும். அதில் கிராமம் மாறிவிட்டது. புதுக் குடியிருப்புகள் வந்துவிட்டன, மாளிகையை ஒரு சினிமா நட்சத்திரம் வாங்கிவிட்டார். பழைய கிராமத்தில் சில கதைகளாவது பழகியிருந்தால்தான் அந்த மாற்றம் உறைக்கும்.

பத்து நிமிடம் ஆகிறது, இன்னும் எல்லோரும் தேநீர்தான் குடிக்கிறார்கள். ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது?

அதிகம் வரும் புகார் இதுதான். உண்மையில் அந்தத் தேநீரில்தான் கதை நடந்துகொண்டிருக்கிறது.

இந்தக் காலத் துப்பறியும் தொடர்களில் தடயம் என்றால் ஆய்வுக்கூடத்திலிருந்து வரும் அறிக்கை, கேமராப் பதிவு, செல்பேசி இருந்த இடம். மார்ப்பிள் கதையில் தடயம் பெரும்பாலும் பேச்சில் இருக்கும். யாரோ ஒரு பெயரைச் சற்று மாற்றிச் சொல்வார்கள். வேலைக்காரப் பெண் விளக்கைப் பற்றி அலுத்துக்கொள்வாள். ‘நான் அப்போது கணப்புப் பக்கம்தான் நின்றிருந்தேன்’ என்று யாரும் கேட்காமலே ஒருவர் விளக்கம் தருவார். இதைச் சத்தம் போட்டுக் காட்டினால் ஆட்டம் கலைந்துவிடும். அதனால் ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதற்கும் நாயைத் திட்டுவதற்கும் நடுவில் செருகி வைத்திருக்கிறார்கள். நீங்கள் அலுத்துப்போய்க் கைபேசியை எடுக்கும் அந்த நொடிக்காகத்தான் கிறிஸ்டி காத்திருக்கிறார்.

‘தி பாடி இன் தி லைப்ரரி’யின் தொடக்கத்தைப் பாருங்கள். விடிகாலை. கர்னல் பான்ட்ரியும் அவர் மனைவி டாலியும் படுக்கையில். பணிப்பெண் ஓடிவந்து, நூலக அறையில் ஒரு பிணம் கிடப்பதாக அழுகிறாள். கர்னல் எழுந்திருக்க மறுக்கிறார். நூலகத்தில் பிணம் கிடப்பதெல்லாம் கதைப் புத்தகத்தில்தான், நீ கனவு கண்டிருப்பாய் என்று மனைவியிடம் வாதாடுகிறார். கடைசியில் இறங்கிப் போய்ப் பார்த்தால் கம்பளத்தின் மேல் மினுமினுக்கும் மாலை உடையில் முன்பின் தெரியாத ஒரு இளம்பெண். டாலி அடுத்துச் செய்யும் காரியம் தோழி மார்ப்பிளை அழைப்பது. வீட்டுக்குள்ளேயே ஒரு கொலை நடந்துவிட்டது, இனி அதை அனுபவிக்க வேண்டியதுதானே என்பது அந்த அம்மாளின் நியாயம்! சிரிப்பு வருகிறது. ஆனால் சில நாட்களிலேயே ஊர் முழுக்கக் கர்னலைப் பற்றிக் கிசுகிசுக்கும், விருந்து அழைப்புகள் நின்றுபோகும், மனிதர் கூனிக் குறுகிப்போவார். வேடிக்கையாகத் தொடங்கியது எங்கே வலியாக மாறுகிறது என்பதைக் காட்டத்தான் அந்த நிதானம் தேவைப்படுகிறது. பாதி நேரத்தில் முடிக்கும் அவசரம் இருந்தால் முதலில் வெட்டுப்படுவது கர்னலின் முகம்தான்.

பாத்திரங்கள் அதிகம், பெயர்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. எப்படி நினைவில் வைப்பது?

பெயர்களை விட்டுவிடுங்கள். யார் எந்த வீட்டில் இருக்கிறார், யார் யாருக்கு என்ன உறவு, பெரியவர் செத்தால் பணம் யாருக்குப் போகும்: இந்த மூன்றும் போதும். மூன்றாவது மிக முக்கியம். கிறிஸ்டியின் உலகத்தில் ஆத்திரத்தில் செய்யும் கொலையை விட உயிலைப் பார்த்துச் செய்யும் கொலை அதிகம். வக்கீல் ஒருவர் பெட்டியோடு வந்து உட்கார்ந்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

நாமே கொலையாளியைக் கண்டுபிடிக்க முடியுமா, அல்லது கடைசியில் எதையாவது புதிதாக நுழைத்து ஏமாற்றுகிறார்களா?

பெரும்பாலும் நேர்மையான ஆட்டம்தான். ‘எ மர்டர் இஸ் அனௌன்ஸ்ட்’ கதையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை உள்ளூர்ப் பத்திரிகை ஒவ்வொரு வீட்டுக்கும் வருகிறது. அதில் ஒரு விளம்பரம்: அக்டோபர் 29, வெள்ளிக்கிழமை மாலை 6.30 மணிக்கு ‘லிட்டில் பேடக்ஸ்’ வீட்டில் ஒரு கொலை நடைபெறும், நண்பர்கள் இதையே அழைப்பாக ஏற்கவும். வீட்டுக்காரி மிஸ் பிளாக்லாக்கிற்கே அது யார் வேலை என்று தெரியவில்லை. ஊரார் இதை ஏதோ விருந்து விளையாட்டு என்று எடுத்துக்கொள்கிறார்கள். மாலையானதும் ‘இந்தப் பக்கமாக வந்தோம், சும்மா எட்டிப்பார்த்தோம்’ என்று ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள். மணி ஆறரை அடிக்கிறது. விளக்குகள் அணைகின்றன. கதவு திறந்து, கண் கூசும் டார்ச் வெளிச்சம் கூட்டத்தின் மேல் பாய்கிறது; கையைத் தூக்கச் சொல்லி ஒரு ஆணின் குரல்; துப்பாக்கிச் சத்தம். வெளிச்சம் வந்து பார்த்தால், டார்ச்சோடு வந்தவன்தான் செத்துக் கிடக்கிறான்.

இப்போது அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரும் தான் பார்த்ததைப் போலீசிடம் சொல்கிறார். எல்லோரும் உறுதியாகச் சொல்கிறார்கள். கண்ணில் டார்ச் அடித்தால் எதிரே நிற்பவன் யார் என்று தெரியுமா? தெரியாது. அப்படியானால் இவர்கள் எதைத்தான் பார்த்தார்கள்? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் விடைக்கு வேண்டிய அத்தனையும் உங்கள் கண் முன்னே வந்துபோகும். அந்த அறையின் மேசை விளக்குகளைக் கொஞ்சம் கவனியுங்கள் என்பதற்கு மேல் சொல்லமாட்டேன்.

ஆனாலும் கண்டுபிடித்தே தீருவேன் என்று மல்லுக்கட்டாதீர்கள். மார்ப்பிளின் வழியே வேறு. சந்தேகத்துக்கு உரியவரைப் பார்த்ததும் அவருக்குத் தன் கிராமத்து ஆள் ஒருவர் நினைவுக்கு வருவார். மீன்காரர், தையற்காரி, பள்ளிக்கூடப் பையன் என்று யாராவது. ‘தி பாடி இன் தி லைப்ரரி’ நாவலில், புதிதாக வந்த ஆசிரியை கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கப் போனபோது உள்ளிருந்து தவளை குதித்த பழைய கதையை அவர் இழுப்பார். போலீஸ்காரர்களுக்குத் தலை சுற்றும். அவருக்கு அதில்தான் விடை. மனிதர்களை அந்தக் கண்ணோடு பார்க்கப் பழகிவிட்டால், கொலையாளி யார் என்று சரியாகச் சொன்னீர்களா என்பது பெரிய விஷயமாகத் தோன்றாது.

அந்தக் கால இங்கிலாந்தைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டுமா?

கொஞ்சம் தெரிந்தால் சுவை கூடும். இரண்டாம் உலகப் போர் முடிந்தும் பிரிட்டனில் ரேஷன் நீங்கவில்லை. 1954 வரை நீடித்தது. வெண்ணெய், சர்க்கரை, நிலக்கரி எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. அதனால்தான் ஒரு சாக்லேட் கேக் செய்வதே இந்தக் கதைகளில் சம்பவமாகிறது. அண்டை வீட்டார் சட்டத்துக்குத் தெரியாமல் பண்டமாற்றுச் செய்துகொள்கிறார்கள்.

அதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. போருக்கு முன்னால் கிராமத்தில் எவர் வந்து குடியேறினாலும் அவரது குடும்பத்தைத் தெரிந்தவர் யாராவது இருப்பார்கள். அறிமுகக் கடிதத்தோடுதான் வருவார்கள். போர் எல்லாவற்றையும் கலைத்துப்போட்டது. குண்டுவீச்சில் வீடுகளும் பதிவேடுகளும் போயின. வெளிநாடுகளில் இருந்தவர்கள் திரும்பினார்கள். புது ஆள் ஒருவர் வந்து ‘நான் இன்னார்’ என்றால் நம்புவதைத் தவிர வழியில்லை. அப்போது வழக்கில் இருந்த அடையாள அட்டையில் புகைப்படம்கூடக் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் உண்மையில் யார் என்ற இந்தச் சந்தேகம்தான் போருக்குப் பிந்தைய மார்ப்பிள் கதைகளின் முதுகெலும்பு. மேசைமேல் பூச்சாடியும் சன்னலில் நல்ல திரைச்சீலையும் இருந்தாலும் அந்த ஊர் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்த ஊர். படம்பிடித்தவர்களுக்கு இது நன்றாகவே புரிந்திருந்தது. வெளிச்சம் மங்கலாக இருக்கும், உடைகள் பழசாக இருக்கும், வீடுகளில் குளிர் தெரியும்.

ஜோன் ஹிக்ஸனை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

முதலில் ஒரு பழைய செய்தி. 1940களின் நடுவில் கிறிஸ்டியின் நாடகம் ஒன்றில் ஹிக்ஸன் நடித்தார். பார்த்த கிறிஸ்டி, என்றாவது ஒருநாள் என் மிஸ் மார்ப்பிளாக நீங்கள் நடிக்க வேண்டும் என்று எழுதி அனுப்பினார். அப்போது ஹிக்ஸனுக்கு வயது நாற்பதை ஒட்டி. அந்த நாள் வந்தபோது அவருக்கு 78. கிறிஸ்டி மறைந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இடையில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. ‘4.50 ஃப்ரம் பேடிங்டன்’ நாவலை 1961இல் திரைப்படமாக எடுத்தபோது மார்கரெட் ரூதர்ஃபோர்ட் மார்ப்பிளாக நடித்தார். அதில் வீட்டு வேலைக்கு வரும் பெண்மணியாக ஹிக்ஸன் நடித்தார். 1987இல் அதே கதையில் அவரே மார்ப்பிள்.

நடிப்புக்கு வருவோம். ஹிக்ஸன் எதையும் செய்துகாட்டுவதில்லை. ரூதர்ஃபோர்டின் மார்ப்பிள் கலகலப்பான நகைச்சுவைப் பாத்திரம். ஹிக்ஸனின் மார்ப்பிள் அறைக்குள் வந்தால் நாற்காலி ஒன்று நிரம்பும், அவ்வளவுதான். பின்னல் ஊசி ஓடிக்கொண்டிருக்கும். யாராவது பொய் சொன்னால் வெளிர்நீலக் கண்கள் சற்று நிமிரும். ஊசி ஒரு கணம் தாமதிக்கும். பிறகு ‘அப்படியா, பாவம்’ என்பதுபோல் ஏதாவது சொல்லிவிட்டு மறுபடி பின்னத் தொடங்குவார்.

அந்த அமைதிக்குப் பின்னால் இருக்கும் கோபத்தைப் பார்க்க ‘எ பாக்கெட் ஃபுல் ஆஃப் ரை’ பாருங்கள். ஆங்கிலக் குழந்தைப் பாட்டு ஒன்றில் அரசன் பணம் எண்ணுகிறான், அரசி ரொட்டியும் தேனும் சாப்பிடுகிறாள், தோட்டத்தில் துணி உலர்த்தும் வேலைக்காரியின் மூக்கைப் பறவை கொத்திக்கொண்டு போகிறது. கொலைகள் அந்தப் பாட்டின்படி நடக்கின்றன. கிளாடிஸ் என்ற வேலைக்காரப் பெண்ணைக் கொன்றவன், துணிக்கொடியில் மாட்டும் கிளிப்பை அவள் மூக்கில் செருகிவிட்டுப் போயிருக்கிறான். அநாதை விடுதியிலிருந்து வந்த அந்தப் பெண்ணுக்கு வீட்டு வேலை பழக்கிக் கொடுத்தவர் மார்ப்பிள். யாரும் அழைக்காமலே கிளம்பி வருகிறார். மற்றவர்கள் செத்த பணக்காரரின் சொத்தைப் பேசிக்கொண்டிருக்க, அவருக்கு அந்தக் கிளிப்தான் கண்ணில் நிற்கிறது. செத்தவளை அவமானப்படுத்தியிருக்கிறார்களே என்ற கொதிப்பு. குரலை உயர்த்தாமல் ஹிக்ஸன் அதைக் கொண்டுவரும் விதத்துக்காகவே இந்தக் கதையைப் பரிந்துரைக்கிறேன்.

ஒரு பாட்டி கொலை விசாரணையில் தலையிடப் போலீஸ் எப்படி அனுமதிக்கிறது?

எங்கே அனுமதிக்கிறது? இன்ஸ்பெக்டர் ஸ்லாக் முகத்தைப் பாருங்கள், தெரியும். டேவிட் ஹொரோவிட்ச் நடித்த இந்தச் சிடுமூஞ்சி அதிகாரி நாவல்களை விடத் தொடரில் அதிகம் வருகிறார். பதவி உயர உயர எரிச்சலும் உயர்கிறது. கூடவே, கிழவி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற வேண்டாவெறுப்பான மரியாதையும். மேலதிகாரிகள் சிலருக்கு மார்ப்பிளை முன்பே தெரியும். ஸ்காட்லாந்து யார்டின் முன்னாள் ஆணையர் சர் ஹென்றி கிளிதரிங் அவர் பேச்சுக்குக் காது கொடுப்பவர். நிஜ வாழ்க்கையில் இதெல்லாம் நடக்குமா என்றால் நடக்காது. அதைக் கேட்டுக்கொண்டிருந்தால் துப்பறியும் கதை பார்க்கவே முடியாது.

நாவலை முதலில் படிப்பதா, தொடரை முதலில் பார்ப்பதா?

தொடரை. ஹிக்ஸனின் தொடர் மூலக்கதையை ஒட்டியே போகிறது. சில பாத்திரங்களைக் குறைத்திருக்கிறார்கள், சில காட்சிகளைச் சேர்த்திருக்கிறார்கள், அடிப்படையில் கை வைக்கவில்லை. பார்த்த பிறகு நாவலைப் படித்தால் கிறிஸ்டி எந்த வாக்கியத்தில் நம்மைத் திசைதிருப்பினார் என்று பிடிக்கலாம். தலைகீழாகச் செய்தால் தொடரின் மர்மம் போய்விடும்.

பிறகு ஐடிவி என்ற இன்னொரு பிரிட்டிஷ் தொலைக்காட்சி எடுத்த தொடர் எப்படி?

2004இல் ஜெரால்டின் மெக்யுவன் தொடங்கினார். பிறகு ஜூலியா மெக்கென்சி 2013 வரை நடித்தார். வண்ணமயமாக இருக்கும், வேகமாகப் போகும். ஆனால் மார்ப்பிள் இல்லாத கிறிஸ்டி கதைகளுக்குள்ளும் அவரைக் கொண்டுபோய் நுழைத்தார்கள். ‘தி பாடி இன் தி லைப்ரரி’யில் முடிவையே ஓரளவு மாற்றினார்கள். நடிகைகள்மேல் குறையில்லை. எனக்கு ஒட்டவில்லை.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்கு மேல் தாராளமாக. கழுத்து நெரிப்பு, விஷம் எல்லாம் உண்டு, ரத்தக்களரி கிடையாது. கிறிஸ்டி இரு உலகப் போர்க்காலங்களிலும் மருந்தகத்தில் வேலை பார்த்தவர் என்பதால் விஷங்களைப் பற்றிய விவரம் மட்டும் சற்றுத் துல்லியமாகவே இருக்கும்.

ஆங்கில உச்சரிப்பு புரியுமா?

பெரும்பாலும் புரியும். படித்த மேல்தட்டு ஆங்கிலம், நிறுத்தி நிதானமாகப் பேசுவார்கள். தோட்டக்காரர்களும் சமையல்காரிகளும் பேசும்போதுதான் வசனவரி வேண்டியிருக்கும். அதைத் தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் தடயத்தை அவர்கள்தான் உளறுவார்கள்.

அந்தக் கிராமம் நிஜமாகவே இருக்கிறதா?

செயின்ட் மேரி மீட் கற்பனை. படம்பிடித்தது ஹாம்ப்ஷயரில் உள்ள நெதர் வாலப் என்ற கிராமத்தில். கூரை வேய்ந்த வீடுகள் நிஜமானவை.

பன்னிரண்டையும் பார்த்து முடித்துவிட்டேன். அடுத்து?

‘தி தர்ட்டீன் பிராப்ளம்ஸ்’ என்ற சிறுகதைத் தொகுப்பைப் படியுங்கள், 1932இல் வந்தது. இந்தத் தொடர் நாவல்களை மட்டுமே எடுத்ததால் இந்தக் கதைகள் உங்களுக்குப் புதிதாகவே இருக்கும். மார்ப்பிளின் வீட்டில் சில பேர் கூடி, விடை தெரியாத மர்மங்களை ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்கள்: மருமகன் ரேமண்ட் வெஸ்ட் என்ற எழுத்தாளர், ஒரு ஓவியர், ஒரு பாதிரியார், ஒரு வக்கீல், நம் சர் ஹென்றி. மூலையில் பின்னிக்கொண்டிருக்கும் அத்தையை ஆட்டத்தில் சேர்க்கவே அவர்களுக்குத் தோன்றவில்லை. கதை ஒவ்வொன்றும் சில பக்கங்கள்தான்; இரவுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் இரண்டு வாரம் ஓடும்.